காபெட்டின் தேநீர்க் கணக்கு

என் சித்தப்பா மகன் இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறான். போன மாதம் போனில் பேசும்போது, வீட்டுச் சமையலறையிலேயே பியருக்கு ஊறல் போட்டிருப்பதாகவும் அதில் தேயிலையும் தேனும் சேர்த்திருப்பதாகவும் சொன்னான். "அண்ணே, உங்களுக்குன்னு நாலு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன். கொண்டு வரத்தான் வழியில்லை" என்றான். நான் குடிப்பவனல்ல. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை. சம்பளம் வந்த அன்றே கடன் தவணை பிடித்துக்கொள்ளப்படுகிற பாங்க் குமாஸ்தாவுக்குச் சில நல்ல பழக்கங்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன. அவன் சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். தேயிலையும் பியரும் ஒரே பாத்திரத்தில் இருந்தன.

ஆங்கிலேயரின் சமூக சரித்திரத்தில் இவை இரண்டும் எதிரிக் கட்சிகள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ நூறு வருஷம், ஏழையின் குடிசையில் கொதிக்க வேண்டியது தேநீர்க் கெட்டிலா, பியர் அண்டாவா என்று சண்டை நடந்திருக்கிறது. பாதிரிகள், வைத்தியர்கள், வியாபாரிகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இதில் கலந்துகொண்டார்கள். இதை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் வில்லியம் காபெட். என் பி.ஏ. வகுப்பில் அவர் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. ஆங்கில உரைநடை என்றால் லாம்ப், ஹாஸ்லிட் என்று கட்டுரை வாசித்துவிட்டு வந்தோம். பிறகு ரேமண்ட் வில்லியம்ஸின் 'கலாசாரமும் சமூகமும்' (1958) நூலைப் படித்தபோது, அவர் தன் வாதத்தைப் பர்க், காபெட் என்ற இரண்டு எதிரெதிர் மனிதர்களிலிருந்து தொடங்குவதைக் கண்டு, காபெட்டைத் தேடிப் போனேன். கையில் அகப்பட்டது அவருடைய 'குடிசைப் பொருளாதாரம்'. 1821-22இல் பகுதி பகுதியாக வெளியான புத்தகம். ரொட்டி சுடுவது, பன்றி வளர்ப்பது, பசு பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது தொடங்குவது வீட்டில் பியர் ஆக்குவதிலிருந்து. அந்த முதல் பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

2

முதலில், இந்த எதிரிகள் எதிரிகளாக இல்லாத ஒரு காலத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சர் கெனல்ம் டிக்பி என்று ஒருவர். ராஜசபைக்காரர், கத்தோலிக்கர், ரசவாதத்திலும் விஞ்ஞானத்திலும் ஒரே சமயத்தில் கால் வைத்தவர். 1665இல் இறந்தார். அவர் சேகரித்து வைத்திருந்த சமையல் குறிப்புகளை அவருடைய உதவியாளர் 1669இல் புத்தகமாக்கினார். பெரும்பகுதி தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மீட், மெத்தெக்ளின் வகைகள். நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகள். அவற்றுக்கு நடுவில், ஏலில் தேன் சேர்ப்பதற்கும் ஒன்று: 40 காலன் இளம் ஏலுக்கு 5 காலன் தேன், ஏல் சூடாக இருக்கும்போதே அதில் ஒரு பங்கை எடுத்து, தேனை அதில் கரைத்து, திரும்பச் சேர்க்க வேண்டும். இதே புத்தகத்தில் தேநீருக்கும் ஒரு குறிப்பு உண்டு. சீனாவிலிருந்து வந்த ஒரு ஜெஸூயிட் பாதிரி சொன்னதாக, தேநீரில் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் அடித்துச் சேர்க்கும் முறை. ஆங்கிலேயர்கள் தேயிலையை வெந்நீரில் அதிக நேரம் ஊறவிட்டுக் கெடுக்கிறார்கள் என்றும், ஒரு குறிப்பிட்ட சங்கீதத்தை நிதானமாகச் சொல்லி முடிக்கும் நேரம் போதும் என்றும் அந்தப் பாதிரி எச்சரிக்கிறார். சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் முதன்முதலாகத் தேநீர் குடித்ததைப் பதிவு செய்தது 1660இல். ஆகவே டிக்பியின் புத்தகத்தில் தேநீர் ஒரு புது விருந்தாளி. தேன்-ஏல் பக்கத்து வீட்டுக் கிழவி. இரண்டும் ஒரே அடுக்களையில் சச்சரவில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

தேன்-ஏல் கிழவி என்பது வெறும் பேச்சுக்காக இல்லை. தேனும் ஏலும் வாசனைப் பொருள்களும் சேர்ந்த பிராகட் என்னும் பானம் சாசரின் 'ஆலைக்காரன் கதை'யிலேயே வருகிறது. ஏலை ஆக்கியவர்களும் பெரும்பாலும் பெண்களே. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஈஸ்ட் சேர்த்தால் ஏல். ஹாப்ஸ் சேராத ஏல் சில நாட்களில் புளித்துவிடும். தூரம் கொண்டுபோக முடியாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பல வீடுகளில் ஆக்க வேண்டியிருந்தது. தன் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதை விற்கும் பெண், வாசலில் ஒரு கழியை நட்டு அறிவிப்பாள். 1266-67 வாக்கில் வந்த சட்டம் ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையையும் தரத்தையும் நிர்ணயித்தது. அதை மேற்பார்க்க ஊர்தோறும் ஏல் ருசிபார்ப்பவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். மீறியவர்களுக்கு அபராதம். அந்த அபராதப் பதிவேடுகள்தான் இன்று சரித்திராசிரியர்களுக்குப் பொக்கிஷம். ஜூடித் பென்னெட் 1996இல் எழுதிய புத்தகம் 1300 முதல் 1600 வரையிலான இந்தப் பெண்களைப் பற்றியது. பதினைந்தாம் நூற்றாண்டில் தாழ்நில நாடுகளிலிருந்து ஹாப்ஸ் வந்தது. அதன் கசப்பு பியரைக் கெடாமல் வைத்தது. கெடாத சரக்கைப் பெரிய அளவில் செய்யலாம், தேக்கி வைக்கலாம், கப்பலில் ஏற்றலாம். அதற்கு முதல் வேண்டும், கடன் வேண்டும், சங்கத்தில் இடம் வேண்டும். மூன்றும் பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. தொழிலில் லாபம் வந்தபோது தொழில் ஆண்கள் கைக்குப் போயிற்று என்பது பென்னெட்டின் முடிவு.

அதற்குப் பிறகும் கிராமத்து வீடுகளில் தங்கள் குடிக்கு மட்டும் பியர் ஆக்குவது நின்றுவிடவில்லை. அது நின்றது காபெட்டின் வாழ்நாளில். சஸெக்ஸைச் சேர்ந்த ஜான் எல்மன் என்ற விவசாயி 1821இல் பார்லிமெண்ட் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். பல வருஷங்களுக்கு முன் அவருடைய ஊரில் சொந்தமாகப் பியர் ஆக்காத கூலியாள் ஒருவன்கூட இல்லை. இப்போது ஆக்குகிறவன் ஒருவன்கூட இல்லை. இதுதான் அந்தச் சாட்சியத்தின் சாரம். காபெட் இதைப் பிடித்துக்கொண்டார்.

3

யார் பேரில் குற்றம்? மால்ட் மீதும் ஹாப்ஸ் மீதும் சர்க்கார் போட்ட வரி என்று காபெட் சரியாகவே தொடங்குகிறார். நெப்போலியன் யுத்தத்துக்குப் பணம் திரட்டியதில் அந்த வரி ஏழையின் அண்டாவில் வந்து விழுந்தது. ஆனால் அடுத்த பத்தியிலேயே அவருடைய கோபம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. குற்றவாளி தேநீர்.

தேநீர் ஏழையின் குடிசைக்கு எப்படி வந்தது என்பதும் வரியின் கதைதான். 1784இல் பிட் கொண்டுவந்த சட்டம் தேயிலை மீதான வரியை 119 சதவிகிதத்திலிருந்து 12.5 சதவிகிதத்துக்கு இறக்கியது. கள்ளக் கடத்தல் படுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரம் எழுந்தது. ஒரு பக்கம் மால்ட் வரி ஏறுகிறது, மறுபக்கம் தேயிலை வரி இறங்குகிறது. கூலிக்காரன் மனைவி எதை வாங்குவாள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

காபெட்டுக்கு முன்பே தேநீருக்கு எதிரிகள் இருந்தார்கள். 1750களில் ஜோனாஸ் ஹான்வே தேநீர் தேசத்தின் ஆரோக்கியத்தையே அழிப்பதாக எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய டாக்டர் ஜான்ஸன், தான் திருந்தாத, வெட்கமற்ற தேநீர்க்குடியன் என்று ஒப்புக்கொண்டு ஹான்வேயைக் கிழித்தார். அது படித்தவர்களின் சண்டை. காபெட் வித்தியாசமானவர். பண்ணையாளாக வளர்ந்தவர், சிப்பாயாக இருந்தவர், சிப்பாய்களைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக 1810 முதல் 1812 வரை சிறையில் கிடந்தவர். கூலிக்காரனின் வயிற்றைத் தெரிந்தவர். அதனாலேயே அவருடைய கணக்கைச் சற்று மரியாதையோடு படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத் தேநீர்ச் செலவு என்று அவர் போடுவது இது: தேயிலை 18 பவுண்டு எடை, 4 பவுன் 10 ஷில்லிங். சர்க்கரை 54 பவுண்டு எடை, 1 பவுன் 11 ஷில்லிங் 6 பென்ஸ். பால் 365 பைண்ட், 1 பவுன் 10 ஷில்லிங். சாமான்கள் 5 ஷில்லிங். அடுப்பு மூட்ட 200 முறை, 16 ஷில்லிங் 8 பென்ஸ். வீணான வேலை 30 நாள், 15 ஷில்லிங். கணவன் சாராயக்கடைக்குப் போவதால் நஷ்டம், 1 பவுன் 19 ஷில்லிங். ஆக மொத்தம் 11 பவுன் 7 ஷில்லிங் 2 பென்ஸ். நான் கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரி. இந்தப் பணத்துக்குள் வருஷத்துக்கு 274 காலன் நல்ல பியர் வீட்டிலேயே ஆக்கிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம் என்பது அவர் தீர்ப்பு.

பன்னிரண்டு வருஷமாகப் பேரேடு பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குக் கடைசி இரண்டு வரிகள் உறுத்துகின்றன. 30 நாள் வேலை என்பது பெண்ணின் வேலை. அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்து, குடித்து, கழுவி வைக்க ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு, அதை நஷ்டமாக எழுதுகிறார். ஆனால் பியர் தானாக ஆகிவிடுவதில்லை. அண்டா தண்ணீரைச் சுடவைத்து, மால்ட்டை ஊறப்போட்டு, வடித்து, ஹாப்ஸோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, பீப்பாய்களைக் கழுவி முடிக்க ஒரு முழு நாள் போய்விடும். அந்த நாட்களுக்கும் இதே கண்டிப்பைக் காட்டினால் கணக்கு இவ்வளவு சுத்தமாக முடியாது. அடுத்தது அந்த 1 பவுன் 19 ஷில்லிங். கணவன் கடைக்குப் போய்க் குடிக்கிறான். வீட்டில் பியர் இல்லாததால் போகிறான். வீட்டில் பியர் இல்லாததற்குக் காரணம் தேநீர். ஆகவே அவன் குடித்தது தேநீர்ச் செலவு. எங்கள் பாங்கில் ஒரு தொகை எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாவிட்டால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். விசாரித்து, உரிய பேருக்கு மாற்றுவோம். காபெட்டுக்கு விசாரணை தேவைப்படவில்லை. அவன் குடித்ததை அவள் பேரில் எழுதிவிட்டார்.

இது தற்செயலான பிசகில்லை. தேநீர் பையன்களைப் பலவீனர்களாக்கும், தேநீர் மேஜையின் வம்புப் பேச்சு பெண்களை விபசார விடுதிக்குத் தயார்ப்படுத்தும் பள்ளிக்கூடம் என்று அதே பகுதியில் எழுதுகிறார். ரொட்டி செய்யத் தெரியாத பெண் சமூகத்துக்குப் பாரம் என்றும் சொல்கிறார். அதிகாரத்தின் அநியாயத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்த்த கண், தன் கூரைக்குக் கீழே வந்ததும் மங்கிவிடுகிறது. நம்மிடையே உள்ள சில பெரிய புரட்சிக்காரர்களின் வீட்டுக்கு ஒருமுறை போய்வந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

4

காபெட்டுக்கு மறுப்பு, அவர் எழுதுவதற்கு 26 வருஷம் முன்பே வெளியாகியிருந்தது. எழுதியவர் பார்க்காம் என்ற கிராமத்தின் பாதிரியார் டேவிட் டேவிஸ். 1795இல் வந்த அவருடைய புத்தகம் விவசாயக் கூலிகளின் நிலையைப் பற்றியது. அவர் ஊர்க் குடும்பங்களின் வரவுசெலவை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியிருக்கிறார். ஏழைகள் தேநீர் என்ற ஆடம்பரத்தில் அழிகிறார்கள் என்பவர்களுக்கு அவர் சொல்லும் பதிலின் கருத்து இது: அவர்கள் குடிப்பது உங்கள் தேநீர் இல்லை, ஊற்றுத் தண்ணீரில் மிக மலிவான இலை கொஞ்சம் போட்டு நிறம் ஏற்றி, மட்டச் சர்க்கரையில் இனிப்பாக்கியது, பாலுக்குப் பசு இல்லை, பசுவுக்குப் புல்வெளி இல்லை, பியருக்கு மால்ட் வாங்க முடியாது, மிஞ்சியது இந்தத் தண்ணீர்தான். தேநீர் ஏழையின் கஷ்டத்துக்குக் காரணம் இல்லை, அதன் விளைவு.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஊற்றுத் தண்ணீரில் நிறம் ஏற்றிய அந்த வஸ்துவை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குச் சாயத்தண்ணி என்று பெயர்.

என் அப்பாயி ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பத்து வயது தாண்டியதும் கொழுந்து பறிக்கப் போனவள். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் 1869இல் வந்த இலைநோயால் அழிந்தபின், அந்த மலைகளில் தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டதுதான் தொடக்கம். காபெட் திட்டிய தேயிலை சீனாவிலிருந்து வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ்காரன் குடிப்பதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. இலங்கைத் தேயிலையைப் பறிக்கப் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். 1948இல் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் காகிதத்தில் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்பாயி இந்தியப் பங்கில் விழுந்தாள். 1974இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் மறுபடியும் கொழுந்து. நாடு மாறியது, செடி மாறவில்லை.

காபெட்டின் கணக்கில் 54 பவுண்டு சர்க்கரை ஒரு வரி. அந்தச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்தது. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1791இல், வில்லியம் ஃபாக்ஸ் என்பவரின் துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு ஏராளமான ஆங்கிலக் குடும்பங்கள் அந்தச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று நிறுத்தியிருந்தன. ஆகவே இது காபெட்டுக்குத் தெரியாத விஷயமில்லை. அவர் அடிமை ஒழிப்புக்காரர்களை நையாண்டி செய்துகொண்டிருந்தார். கறுப்பர்களுக்காக அழுகிறவர்கள் இங்கிலாந்துக் கூலியைப் பார்ப்பதில்லை என்பது அவர் வாதம். வில்பர்ஃபோர்ஸ் விஷயத்தில் அதில் பாதி உண்மை இருக்கவும் கூடும். ஆனால் 1 பவுன் 11 ஷில்லிங் 6 பென்ஸ் என்று எழுதியபோது அவர் கை நடுங்கவில்லை. ஒரு கூலியின் பசியைக் காட்ட இன்னொரு கூலியை மறைக்க வேண்டியதில்லை. மறைத்ததால் அவருடைய கூலிக்கு ஒரு துளி பியர்கூடக் கூடுதலாகக் கிடைக்கவுமில்லை.

தோட்டத்திலும் கணக்கு உண்டு. செக்ரோல் என்பார்கள். அன்றைக்கு நிர்ணயித்த எடை கொழுந்து பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். நாள் முழுக்க அட்டைக்கடியில் நின்றும் மழையால் எடை குறைந்து அரைப் பேர் விழுந்த நாட்களை அப்பாயி இன்னமும் மாதவாரியாகச் சொல்வாள். தாத்தா தோட்ட எல்லைக் கடையில் குடித்தவர். அவர் குடித்தது யார் பேரில் எழுதப்பட வேண்டும் என்பதில் அப்பாயிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அந்த 1 பவுன் 19 ஷில்லிங்கைத் தேயிலை பேரில் அவள் எழுதியிருக்கமாட்டாள்.

5

காபெட் 1835இல் இறந்தார். அவர் வெறுத்த மால்ட் வரியை 1880இல் கிளாட்ஸ்டன் எடுத்தார். எடுத்துவிட்டு, ஆக்கிய பியர் மீதே வரி போட்டார். வீட்டில் ஆக்குகிறவனும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று வைத்தார். ரெஜினால்ட் மாட்லிங் 1963 பட்ஜெட்டில் ரத்து செய்யும்வரை இது நீடித்தது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தும், வீட்டில் பியர் ஆக்குவது அனுமதிக்கப்படவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் மத்திய சட்டத்தில் தடை நீங்கியது: வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு 100 காலன், இருவர் உள்ள வீட்டுக்கு 200, விற்கக்கூடாது. அலபாமாவும் மிஸிஸிப்பியும் 2013வரை இழுத்தடித்தன. 2011இல் ஒபாமா தன் சொந்தப் பணத்தில் சாமான் வாங்கித் தர, வெள்ளை மாளிகைச் சமையல்காரர்கள் அங்கேயே தோட்டத்துத் தேன்கூட்டிலிருந்து எடுத்த தேனைச் சேர்த்துப் பியர் ஆக்கினார்கள். 2012இல் செய்முறையை வெளியிட்டார்கள். டிக்பியின் ஏல்-தேன் முந்நூற்று நாற்பது வருஷம் கழித்து ஜனாதிபதி மாளிகையில் வந்து நின்றது.

திரும்பி வந்தது, போனது அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். எல்மன் சாட்சி சொன்ன ஊரில் வீட்டுப் பியர் உணவின் ஒரு பகுதி. பிள்ளைகளும் இளம் பியரைக் குடித்தார்கள். வடித்த சக்கை பன்றிக்குப் போயிற்று. இன்று அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. மால்ட்டும் ஈஸ்ட்டும் பொட்டலத்தில் வருகின்றன. ஆக்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தேவை போனபின் மிஞ்சுவது ருசி. இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. விற்கக்கூடாத 100 காலனை யாருக்காகவோ சிரத்தையாகச் செய்கிறவர்களின் மனநிலையை, முந்நூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிரத்தையையே ஒரு சமூகத் தீர்வு என்று காபெட் பாணியில் பேசத் தொடங்கினால், அதை மறுக்க வேண்டியிருக்கும்.

நம்மவர்களில் சிலர் இதற்குள் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். உண்மைதான். அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழியும் முறை அதில் படிப்படியாக இருக்கிறது. முளைகட்டிய தானியத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதுதான் பியரின் அடிப்படை. அதை அந்தப் புலவர் கிட்ட நின்று பார்த்திருக்கிறார். மூங்கிலில் முதிர்ந்த தேன் மது திருமுருகாற்றுப்படையில் மலைவாசிகளுக்கு உண்டு. ஆனால் 'அன்றே இருந்தது' என்று சொல்லி முடித்துக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. அது எப்படிப் போயிற்று, யார் கைக்குப் போயிற்று என்பதல்லவா சரித்திரம்? 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்ந்தது, 1974இல் இறுகியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் அரசு மொத்த வியாபாரத்துக்கென ஒரு கழகம் அமைத்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் சில்லறைக் கடையும் அரசு கைக்கு வந்தது. வீட்டில் ஒரு குடம் ஊறல் போட்டால் குற்றம். அரசு கடையில் வாங்கினால் வருமானம். நான் கள்ளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. பென்னெட் காட்டும் ஆங்கிலப் பெண்களின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். அரசு விலையையும் தரத்தையும் பார்த்த இடத்தில் ஆரம்பித்த கதை, அரசே வியாபாரியாகும் இடத்தில் வந்து நிற்கிறது. வாங்குகிறவனின் மனைவியைப் பற்றி இரண்டு பேரேட்டிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

6

தம்பியிடம் செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். 20 லிட்டருக்கு 3 கிலோ மால்ட். 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். சூடு ஏறினால் இனிப்பு புளிக்காமல் தங்கிவிடும். வடித்து, ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதி. அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறியபின் 500 கிராம் தேன். கொதிக்கும்போது போட்டால் வாசனை ஆவியாகிவிடும். தேயிலை 80 கிராம், துணியில் முடிந்து ஐந்து நிமிஷம், அதற்குமேல் கூடாது. (டிக்பியின் பாதிரியும் இதைத்தான் சொன்னார்.) பிறகு குளிரவைத்து ஈஸ்ட், இரண்டு வாரம். தேன் இனிக்குமா என்று கேட்டேன். "இனிக்காது அண்ணே. தேனில இருக்கிற சர்க்கரை முழுசையும் ஈஸ்ட் தின்னுடும். பூ வாசம் மாதிரி லேசா ஒண்ணு நிக்கும். டீயோட துவர்ப்பு மட்டும் அப்படியே இருக்கும்" என்றான். எந்தத் தேயிலை என்று கேட்டேன். கடையில் வாங்கிய சிலோன் டீ. பொட்டலத்தில் திம்புள்ள என்று போட்டிருக்கிறதாம். ஹட்டன் அந்த வட்டாரம்தான். அவனுக்கு அது தெரிந்தே வாங்கினானா என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அப்பாயியிடம் சொன்னேன். பியர் என்ற பகுதியை அவள் பொருட்படுத்தவில்லை. பேரன் அங்கே குடிக்கிறான் என்பது பழைய செய்தி. தேயிலை போட்டானாம் என்றதும் நிமிர்ந்தாள்.

"டஸ்ட்டா, இலையா?"

"நல்ல இலைதான் அப்பாயி."

"எவ்வளவு?"

"எண்பது கிராம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அந்தக் கணக்கு அவளுக்கு விரலில் இருக்கிறது.

"அரைக் கிலோ கொழுந்துகூட ஆகாது. அதுக்கு அரைப் பேர்கூடப் போடமாட்டான்" என்றாள்.